ஏலத்தோட்ட ஏடிவிக்கு 2 அங்குல லிஃப்ட் போடலாமா, வேண்டாமா?

போடிமெட்டு ஏலக்காரன்:
வணக்கம். வீடு போடியில், ஏலக்காய்த் தோட்டம் கேரளாவில், சாந்தன்பாறைக்கு மேலே. ஜீப் எங்கள் ஸ்டோர் (காய் உலர்த்தும் கட்டடம்) வரைதான் வரும். அதற்கு மேல் நடைபாதைதான். முன்பெல்லாம் காய் சாக்கு தலைச்சுமையாக இறங்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓடும் சின்ன நாலு சக்கர வண்டி) ஒன்று வாங்கினேன். 570 சிசி, நாலு சக்கரமும் இழுக்கும், பின்பக்கமும் தனித்தனி சஸ்பென்ஷன். சாக்கு, உரம், மருந்துத் தொட்டி எல்லாம் இப்போது அதில்தான் போகிறது.

பிரச்சினை இதுதான். போன மழையில் பாதை அரித்து, சக்கரம் போகும் இரண்டு தடமும் குழியாகி, நடு மேடு நிமிர்ந்து நிற்கிறது. ஓடைக்கு மேலே ஓரிடத்தில் அந்த நடு மேட்டில் ஒரு பாறை. சும்மா போனால் தொடாது. மருந்துத் தொட்டியோடு ஏறினால் 'தட்' என்று அடித்து, அப்புறம் கர்ரென்று உரசும். போன வாரம் வயிறு பாறை மேல் உட்கார்ந்து, சக்கரம் நான்கும் சும்மா சுற்றியது. வேலைக்கு வந்த நாலு பேர் தூக்கிவிட்டார்கள். சிரிப்பு ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம்.

எர்ணாகுளத்தில் தெரிந்தவர் ஒருவர், "2 அங்குல பிராக்கெட் லிஃப்ட் போடு, தீர்ந்தது" என்கிறார், அதாவது வண்டி உடம்பை 2 அங்குலம் உயர்த்தும் தகடுகள். கிட், வரி, கூலி எல்லாம் சேர்த்தால் ஸ்டோருக்கு ஒரு சீசன் விறகு வாங்கிவிடலாம். போட்டவர்கள் சொல்லுங்கள்.

கம்பம் பட்டறை:
அண்ணே, கிட் வாங்கும் முன்னால் ஒரு டேப் எடுங்கள். மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி, வயிற்றுத் தகட்டின் அடியிலிருந்து தரை வரை மூன்று தடவை அளக்க வேண்டும்: காலியாக, நீங்கள் உட்கார்ந்த பிறகு, முழுச் சுமையோடு. ஒவ்வொரு தடவையும் வண்டியை இரண்டு முறை அமுக்கி விட்டுவிட்டு அளங்கள், இல்லையென்றால் கணக்கு தப்பும். அந்தப் பாறை, சக்கரத் தடத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். டயர் காற்று எவ்வளவு?

பிராக்கெட் லிஃப்ட் என்றால் பெரிய வித்தை இல்லை. ஷாக்கின் மேல்முனை சேசிஸில் மாட்டும் இடத்தைத் தகடு வைத்துக் கீழே இறக்குவார்கள். அதனால் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கம்பி) கீழ்நோக்கிச் சாய்ந்து உடம்பு மேலே எழும்பும். உங்கள் வண்டியில் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர் பெட்டி) சேசிஸோடு இருப்பதால் அதுவும் சேர்ந்து ஏறும். அது நல்லதுதான். பின்னால் ஒரே அச்சாக இருக்கும் வண்டி என்றால் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும், பெரிய டயர் மட்டும்தான் வழி.

ஆனால் ஸ்பிரிங் அதே ஸ்பிரிங். பாரம் தாங்கும் சக்தி அதிகமாகாது. சக்கரம் மேலும் கீழும் போகும் தூரமும் அதிகமாகாது. சிவி ஜாயின்ட் (சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸிலின் வளையும் மூட்டு) மட்டும் எப்போதும் சாய்ந்த கோணத்திலேயே ஓடும்.

தடா இறால் பண்ணை:
நான் போட்டிருக்கிறேன், சொல்கிறேன். புலிக்காட் ஏரிப் பக்கம், ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் பண்ணை. முழுக்கக் களிமண். 2 அங்குல லிஃப்டும் 25க்குப் பதில் 27 அங்குல டயரும் போட்டேன். முன்பு வயிறு சேற்றில் ஒட்டிக்கொண்டு நிற்கும், இப்போது போகிறது. எனக்குத் திருப்தி.

ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டுமே. ஆக்ஸில் பூட் (அந்த மூட்டை மூடும் ரப்பர் உறை) இரண்டு தடவை கிழிந்துவிட்டது. கிழிந்ததைக் கவனிக்காமல் உப்புத்தண்ணீரில் ஓட்டி ஒரு ஜாயின்டே போனது. டயர் பெரிதானதால் இழுவை குறைந்து, மேட்டில் எஞ்சின் சக்தியைக் கடத்தும் பெல்ட் சூடாகி வாசனை வந்தது. கிளட்ச் எடையும் ஸ்பிரிங்கும் மாற்றிய பிறகுதான் சரியானது. லிஃப்ட் போட்டதும் முன்சக்கர டோ (இரு சக்கரமும் நேராக நிற்கும் அளவு) பார்க்காமல் விட்டதில் முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. அப்புறம் ஒன்று. எங்கள் ஊரில் தரை சமம். உங்கள் சரிவில் இதே ஆலோசனை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

போடிமெட்டு ஏலக்காரன்:
அளந்துவிட்டேன் தம்பி. காலியாக 11 அங்குலம். நான் உட்கார்ந்தால் 10. தொட்டி நிரப்பி நானும் ஏறினால், பின்பக்கம் ஏழரை! பாறை 9. காற்று சரியாகத் தெரியவில்லை, பஞ்சர் கடை மீட்டரில் முள்ளே எழும்பவில்லை. தொட்டி 100 லிட்டர். அதன் மேல் மோட்டார் பம்பு, ஹோஸ். சில நேரம் ஒரு உரச் சாக்கும் இருக்கும்.

கம்பம் பட்டறை:
விஷயம் இங்கேதான் இருக்கிறது அண்ணே. பின் கேரியரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் துடைத்துப் படியுங்கள். இந்த ரகத்தில் பல வண்டிகளுக்குப் பின்னால் 82 கிலோ, முன்னால் 41 கிலோதான் அளவு. 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. தொட்டி, பம்பு சேர்த்தால் 120 வந்துவிடும். உரச் சாக்கை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

லிஃப்ட் போட்டால் ஏழரை ஒன்பதரை ஆகும். பாறையை அரை அங்குலத்தில் தாண்டுவீர்கள். ஆனால் அதே அளவுக்கு மீறிய பாரத்தை, இன்னும் உயரத்தில், சாய்ந்த ஜாயின்டோடு தூக்கிக்கொண்டு தாண்டுவீர்கள்.

முதலில் ஷாக்கின் ஸ்பிரிங் அடியில் படிப்படியான வளையம் இருக்கிறதா பாருங்கள். பைக் பின் ஷாக்கில் சி ஸ்பேனர் போட்டுத் திருப்புவார்களே, அதேதான். பழைய வண்டி வாங்குபவர்கள் யாரும் அதைத் தொட்டே பார்ப்பதில்லை. காற்றுக்கு ஏடிவிக்கென்று தனி மீட்டர் வேண்டும், இதெல்லாம் 5 பிஎஸ்ஐ பக்கம் ஓடும் டயர். கார் மீட்டரில் அது பூஜ்யம் மாதிரிதான் தெரியும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார்:
தம்பி, நெடுங்கண்டத்தில் இருக்கிறேன். பக்கச் சரிவைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் ஒரு சின்னக் கணக்கு. இரண்டு பக்கச் சக்கரங்களின் நடுவிலிருந்து நடு வரை 38 அங்குலம், ஆளோடு சேர்த்து எடை மையம் தரையிலிருந்து 28 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலம் 19. நின்ற நிலையில் சுமார் 34 பாகை சரிவில் வண்டி கவிழும். 2 அங்குலம் ஏற்றினால் 32 ஆகிறது. இரண்டு பாகைதானே என்று தோன்றும். ஆனால் இது நிற்கும் வண்டிக்கான கணக்கு. ஓடும்போது மேல்பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறி, கீழ்ப்பக்கச் சக்கரம் குழியில் இறங்கினால், அந்த இரண்டு பாகை ஒரு நொடியில் தீர்ந்துவிடும்.

லிஃப்டை விட மோசமானது உங்கள் தொட்டி. கேரியர் உயரத்தில் 100 கிலோ இருந்தால் எடை மையம் 28இல் நிற்காது. பாதி காலியான தொட்டி அதைவிட ஆபத்து, தண்ணீர் பள்ளத்துப் பக்கமே ஓடும். தடுப்பு வைத்த தொட்டியா அது?

எல்லைச் சோதனைச்சாவடிப் பக்கத்து ஆள்:
ஸ்டோருக்கும் மேல் தோட்டத்துக்கும் நடுவில் பஞ்சாயத்து ரோடு குறுக்கே வருகிறதா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலான ஏடிவி ரோட்டில் ஓடவே பதிவு கிடையாது. 2020இல் வந்த போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 டிராக்டர் மாதிரி, டிராக்டராகப் பதிவாகும் வகை தனி. பதிவு உள்ள வண்டி என்றால், ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள கம்பெனி அளவுக்கு மாறாக எதையும் மாற்றக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்ன வழக்கே கேரளாவிலிருந்து போனதுதான். இங்கே இந்த விஷயத்தில் கண்டிப்பு அதிகம். தமிழ்நாட்டு நினைப்பில் இருக்க வேண்டாம்.

போடிமெட்டு ஏலக்காரன்:
பதிவு இல்லாத வண்டி சார், தோட்டத்துக்குள்ளேதான். ரோட்டைத் தொடுவதில்லை. வாத்தியாருக்கு: தடுப்பு இல்லை அய்யா, சாதாரண பிளாஸ்டிக் தொட்டி. படித்ததும் வயிற்றைக் கலக்கியது. போர்டோ கலவை (பூஞ்சை மருந்து) அடிக்கப் பாதித் தொட்டியோடு பக்கச் சரிவில் எத்தனை தடவை போயிருப்பேன்!

பூப்பாறைத் தம்பி:
அண்ணே, குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். ஒரே ஒரு பாறை என்றால் அதை உடைத்தால் என்ன? எங்கள் தோட்டத்தில் கல் உடைப்பவர் ஒருவரைக் கூட்டிவந்து உளி, ஆப்பு, சம்மட்டி வைத்து அரை நாளில் முடித்தோம். வெடி எதுவும் வேண்டாம். உடைந்த துண்டுகளையே சக்கரத் தடத்தில் போட்டால் குழியும் மேடாகும்.

தடா இறால் பண்ணை:
ஹா! நாங்கள் எல்லோரும் வண்டியை உயர்த்தக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

போடிமெட்டு ஏலக்காரன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். லிஃப்ட் போடவில்லை.

ஷாக் வளையம் நாலிலும் மிக மென்மையான படியில் கிடந்தது. பூப்பாறையில் பைக் மெக்கானிக் ஒருவர் பின்பக்கம் நாலாவது படியில் வைத்துக் கொடுத்தார். 100 லிட்டர் தொட்டியை இறக்கிவிட்டு 50 லிட்டர் வாங்கினேன், பம்போடு 70 கிலோவுக்குள் நிற்கிறது. மேல் தோட்டத்தில் ஒரு டிரம் வைத்து, ஊற்றிலிருந்து ஹோஸ் போட்டுவிட்டேன். தண்ணீர் அங்கேயே கிடைக்கும்போது இத்தனை நாள் கீழேயிருந்து சுமந்திருக்கிறேன். இப்போது முழுச் சுமையோடு அளந்தால் ஒன்பதேகால்.

பாறைக்கு அது போதாது, லேசாக உரசியது. தம்பி சொன்னபடி உடைத்தாயிற்று. அரை நாள் இல்லை, ஒன்றரை நாள் ஆனது. துண்டுகள் குழியில்.

வண்டியைக் கழுவும்போது ஒன்று கண்ணில் பட்டது. பின் இடது ஆக்ஸில் உள்பக்கப் பூட்டில் கிழிசல், கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறது. பாறையில் உட்கார்ந்த அன்றைய வேலையாக இருக்கும். பூட் மட்டும் மாற்றினால் போதுமா?

கம்பம் பட்டறை:
மெதுவாக ஓட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள் அண்ணே. கடகட சத்தம் வராமல், சக்கரத்தைக் கையால் ஆட்டும்போது ஜாயின்டில் ஆட்டமும் இல்லையென்றால் பூட் மட்டும் போதும். பழைய கிரீஸை விரலில் தேய்த்துப் பாருங்கள், மணல் நெருடினால் ஜாயின்டை முழுக்கக் கழற்றிக் கழுவிவிட்டுத்தான் புது கிரீஸ். அதுவரை ஓடையில் இறக்காதீர்கள்.