மறு: டூர்னிக்கெட் – ‘முறுக்குக்கட்டு’ என்று வைக்கலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

லாரி, ஆட்டோ ஓட்டுநர்களுக்கான முதலுதவிக் கையேட்டில் மற்ற சொற்கள் எல்லாம் முடிவாகிவிட்டன, டூர்னிக்கெட் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. கையிலோ காலிலோ பெரிய காயம் பட்டால், ரத்தப்போக்கை நிறுத்தக் காயத்துக்கு மேலே போடும் கட்டுதான் அது. அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்ப்பவள் என்ற முறையில் என் கருத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் முன்வைக்கும் சொல் ‘முறுக்குக்கட்டு’. முதலில், வந்திருக்கும் மற்ற சொற்களைப் பார்த்துவிடுவோம்.

> ‘இரத்தக்கட்டு’ எளிமையாக இருக்கிறது. ரத்தத்தைக் கட்டி நிறுத்துவது என்ற பொருளும் வந்துவிடுகிறது.

ஐயா, இது மட்டும் வேண்டவே வேண்டாம். அடிபட்டுக் கன்றிப்போன இடத்தை நம் ஊரில் எல்லாரும் ரத்தக்கட்டு என்றுதான் சொல்கிறார்கள். கீழே விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மா “ரத்தம் கட்டியிருக்கு, பாருங்கம்மா” என்பார். மக்கள் வாயில் ஏற்கெனவே ஒரு பொருளோடு வாழ்கிற சொல்லுக்கு இன்னொரு வேலை கொடுத்தால் இரண்டும் குழம்பிப்போகும்.

> ‘குருதிநிறுத்தி’ பொருத்தமான தூய தமிழ்ச் சொல்.

சொல்லில் குறை இல்லை. ஆனால் குருதியை நிறுத்துவது இந்தக் கட்டு ஒன்றுதானா? ரத்தம் உறைய வைக்கும் மருந்து தடவிய துணிச்சுருள் இருக்கிறது. ஊசி மருந்துகள் இருக்கின்றன. உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தாலும் பெரும்பாலான காயங்களில் ரத்தம் நிற்கும். ‘குருதிநிறுத்தி’யை அந்த மருந்துகளுக்கு ஒதுக்கிவைப்போம், அங்கே அழகாகப் பொருந்தும். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்குக் குருதி, குருதிப்பெருக்கு எல்லாம் பள்ளிப் புத்தகத்திலிருந்தே பழகிய சொற்கள். நாமக்கல் லாரி ஓட்டுநர் ரத்தம் என்றுதான் சொல்வார். இந்தக் கையேடு அவருக்கானது.

> ‘இறுக்குப்பட்டை’ போதாதா? பல அகராதிகளின் விளக்கமும் இறுக்கிக் கட்டுவது என்றுதானே இருக்கிறது?

உண்மையான வாதம் இங்கேதான் இருக்கிறது. இறுக்கினால் மட்டும் போதாது. போதும் என்று நினைப்பதால்தான் ஆள் சாகிறார்.

தொடையிலோ கையிலோ பெரிய காயம் என்றால் துண்டையோ துப்பட்டாவையோ காயத்துக்கு மேலே கட்டிக்கொண்டு வருகிறார்கள். கட்டியவர் தன் முழுப் பலத்தையும் போட்டுத்தான் முடிச்சுப் போட்டிருப்பார். ஆனால் முடிச்சுக்குக் கீழே கால் ஊதா நிறத்தில் வீங்கியிருக்கும், புறங்காலில் சிரைகள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) புடைத்து நிற்கும், காயமோ விடாமல் கசிந்துகொண்டே இருக்கும். நடப்பது இதுதான்: சிரையின் சுவர் மெலிசு, லேசான இறுக்கத்துக்கே மூடிக்கொள்ளும். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாயான தமனியில் ரத்தம் அழுத்தத்தோடு பாய்வதால் அதை மூட அதைவிடப் பல மடங்கு இறுக்கம் வேண்டும். கையால் போட்ட முடிச்சு சிரையை அடைத்துவிட்டுத் தமனியைத் திறந்தே விடுகிறது. காலுக்குள் ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. திரும்பி வர வழியில்லாததால் காயத்தின் வழியாக வெளியேறுகிறது. கட்டாமல் விட்டதைவிட அரைகுறையாகக் கட்டியது மோசமாகிவிடுகிறது.

இதற்கு ஒரே வழி முறுக்குவதுதான். வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டியில் கயிற்றுக்குள் ஒரு கம்பைச் செருகிச் சுற்றி முறுக்குவார்களே, அதே வேலை. துணியை முதலில் ஒரு முடிச்சாகக் கட்டி, அதன்மேல் கம்பை வைத்து, இன்னொரு முடிச்சுப் போட்டு, கம்பைச் சுற்ற வேண்டும். ரத்தம் நிற்கும் வரை சுற்ற வேண்டும். பிறகு கம்பு பின்னோக்கிச் சுழன்றுவிடாதபடி அதன் முனையைக் கட்டிவைக்க வேண்டும். ராணுவங்களும் ஆம்புலன்ஸ்களும் இன்று பயன்படுத்தும் ஆயத்தப் பட்டைகளில் பெரும்பாலானவற்றிலும் இப்படி ஒரு சிறிய கோல் உண்டு.

இந்தக் கோலின் வயது 300 ஆண்டுகளுக்கும் மேல். 1674இல் பிரான்சின் பெசான்சோன் முற்றுகையின்போது எத்தியென் மொரேல் என்ற அறுவை மருத்துவர் கட்டுக்குள் குச்சியை விட்டு முறுக்கியதாகப் பதிவு இருக்கிறது. 1718இல் ழான் லூயி பெத்தி என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் திருகாணி வைத்த கருவி ஒன்றைச் செய்து, ‘திருப்புதல்’ என்ற பொருள் கொண்ட பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து அதற்குப் பெயரும் வைத்தார். ஆக, மூலச் சொல்லிலேயே இறுக்கம் இல்லை, திருப்பம்தான் இருக்கிறது. செய்முறையைப் பெயரிலேயே சொன்னவர் அவர். நாமும் அதையே செய்யலாம் என்கிறேன்.

> ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் ரப்பர் பட்டையும் டூர்னிக்கெட்தான். அதில் முறுக்கு ஏது? அறுவை அரங்கில் காற்றடித்து ஏற்றும் பட்டையிலும் முறுக்கு இல்லையே?

டாக்டர், நல்ல கேள்வி. இதற்கு என் பதில்: அவற்றுக்கு வேறு பெயர் வைப்போம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே பெயர் இருப்பது அந்த மொழியின் வரலாறு, நாம் அதைச் சுமக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடப் பட்டையின் நோக்கமே சிரையை மட்டும் அடைத்து அதைப் புடைக்கச் செய்வது, தமனி திறந்திருக்க வேண்டும். உயிர் காக்கும் கட்டில் எது நடக்கக் கூடாதோ அதுதான் அங்கே நடக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ரத்தப் பரிசோதனைக்குப் போய் வந்த அனுபவத்தை வைத்து, அவ்வளவு இறுக்கம் போதும் என்றுதான் ஒருவர் நினைத்துக்கொள்வார். ஆகவே அது ‘சிரைப்பட்டை’. அறுவை அரங்கில் இருப்பது ‘காற்றழுத்தப் பட்டை’. ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1904இல் கொண்டுவந்தது அது, தெருவில் யாரும் தேடப்போவதில்லை.

> முறுக்கு என்றால் பலகாரம்தான் நினைவுக்கு வரும். சிரிப்பார்கள்.

வராது தம்பி. கயிறு முறுக்குகிறோம், துணியை முறுக்கிப் பிழிகிறோம். பலகாரத்துக்கும் அந்த வினையிலிருந்துதான் பெயர் வந்தது. கலைச்சொல்லுக்குள் ஓர் ஏவல் ஒளிந்திருப்பது இந்த இடத்தில் பெரிய லாபம். பக்கத்தில் நிற்பவர் “முறுக்கு, இன்னும் முறுக்கு” என்று கத்தினால், பயிற்சியே பெறாதவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று புரியும். ‘குருதிநிறுத்தி’யை வைத்து யாரையும் ஏவ முடியாது.

ஒற்று மிகுமா என்று கேட்டிருந்தீர்கள். முறுக்கை இங்கே பெயராகக் கொள்கிறேன். வன்தொடர்க் குற்றியலுகரம், எனவே க் மிகும்: முறுக்குக்கட்டு, முறுக்குக்கோல்.

> கை கால் அழுகிப்போகும் என்று பயந்துதானே இதைக் கடைசி வழியாக வைத்திருந்தார்கள்? பொதுமக்களுக்குச் சொல்லித்தரலாமா?

அந்தப் பயம் நெடுநாள் இருந்தது. ஈராக் போரின்போது பாக்தாத் ராணுவ மருத்துவமனையில் 232 பேரைக் கவனித்து 2009இல் வெளியான ஆய்வு அதைப் பெரிதும் போக்கிவிட்டது. அதிர்ச்சி நிலைக்கு (ரத்தம் போய், உடலுக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லாத நிலை) போகும் முன்பே கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதிர்ச்சி நிலைக்குப் போன பிறகு கட்டப்பட்டவர்களில் பிழைத்தது 10 சதவீதம் மட்டுமே. இந்தக் கட்டினாலேயே ஒருவரும் கையோ காலோ இழக்கவில்லை. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் கட்டப்பட்ட 27 கட்டுகளும் கைக்குக் கிடைத்ததை வைத்துப் போட்டவை. அதற்குப் பிறகுதான், 2015இல், அமெரிக்கா பொதுமக்களுக்கே சொல்லித்தரும் இயக்கத்தைத் தொடங்கியது. இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய்விட்டால் பெரும்பாலும் கேடு இல்லை. தொடைத் தமனி முழுதாக அறுந்தாலோ, ஐந்து லிட்டர் ரத்தம் உள்ள உடம்பு சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கையேட்டில் பயத்துக்கு இடம் கொடுக்கும் வரி எதுவும் வேண்டாம். உதவ வந்தவரைச் சட்டம் துன்புறுத்தாது என்ற வரி கட்டாயம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134அ பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.

கையேட்டுக்கு நான் எழுதிப் பார்த்த பத்தி இது. திருத்துங்கள்:

“ரத்தம் பீறிட்டாலோ, கொட்டித் தேங்கினாலோ உடனே 108ஐ அழையுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் பலமாக அமுக்குங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். இடுப்புமடிப்பிலோ அக்குளிலோ ஆழமான காயம் என்றால் துணியைக் காயத்துக்குள் திணித்து அமுக்குங்கள். கையிலோ காலிலோ, அமுக்கியும் நிற்காவிட்டால் முறுக்குக்கட்டு போடுங்கள். காயத்துக்கு மேலே நான்கு விரல் அகலம் தள்ளிக் கட்டுங்கள். முட்டியிலும் முழங்கையிலும் வேண்டாம். துணி மூன்று விரல் அகலமாவது இருக்கட்டும். கம்பியோ மெல்லிய கயிறோ கூடாது. ரத்தம் நிற்கும் வரை முறுக்குங்கள். கடுமையாக வலிக்கும், அதற்காகத் தளர்த்தாதீர்கள். நிற்கவில்லை என்றால் அதற்குச் சற்று மேலே இன்னொன்று போடுங்கள். மருத்துவர்தான் அவிழ்க்க வேண்டும். கழுத்துக்கு இது வேண்டாம். பாம்புக்கடிக்கும் வேண்டாம்.”

‘அழுத்து’ என்று எழுதாமல் ‘அமுக்கு’ என்று எழுதியதற்கு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பேச்சில் இருப்பது அதுதான். கடைசி வரியைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். பாம்பு கடித்தால் மேலே இறுகக் கட்டும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. கட்டுவிரியனோ கண்ணாடிவிரியனோ, எதுவானாலும் அது தீங்குதான். ஒரு புதுச் சொல் அந்தப் பழக்கத்துக்குப் புது வலு கொடுத்துவிடக் கூடாது. ‘தமனி’ என்ற சொல் அந்தப் பத்தியில் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். இலங்கைப் பதிப்பில் அது ‘நாடி’ என்று மாற வேண்டியிருக்கும், அந்தச் சிக்கலே இல்லாமல் போகட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும். மற்ற நாடுகளில் காயம்பட்டவரின் நெற்றியில் ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு நேரத்தையும் குறிக்கிறார்கள். நாம் ‘மு 4:20’ என்று எழுதச் சொல்லலாமா, ‘கட்டு 4:20’ என்றா? ‘மு’ என்று பார்த்தால் ‘முற்பகல்’ என்று யாராவது படித்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன். ‘கட்டு’ என்றால் சாதாரணக் கட்டாக நினைத்து அவசரப் பிரிவில் யாராவது உடனே அவிழ்த்துவிடக்கூடும். ஆம்புலன்ஸில் வேலை செய்யும் நண்பர்கள் குழுவில் இருக்கிறீர்கள். ராத்திரியில், ஓடும் வண்டியில், டார்ச் வெளிச்சத்தில் எது உங்கள் கண்ணில் சட்டென்று படும் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
குழுவில் ஒரு செவிலியர்