கதிர்வீச்சுக்குப் பிறகு குழந்தைகளின் பல் அடைப்புகள்: எங்கள் அனுபவங்கள்

ஒரு தாய், மதுரை

என் மகளுக்கு ஏழு வயதில், மூக்கின் பின்புறம் ராப்டோமயோசர்கோமா என்னும் கட்டி இருப்பது தெரியவந்தது. மருந்து ஏற்றுவதோடு 28 நாள்கள் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் இதைக் ‘கரண்ட் வைப்பது’ என்றே சொல்வார்கள். கதிரின் அளவைக் ‘கிரே’ என்ற அலகில் சொல்வார்கள்; ஒரு நாளைக்கு 1.8 கிரே வீதம் மொத்தம் 50.4 கிரே என்று அவளுடைய கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. கண்ணையும் மூளையையும் பற்றி நூறு கேள்விகள் கேட்ட நான், அவள் வாயில் ஏற்கெனவே இருந்த அடைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உயிர் தப்புமா என்று பதறிக்கொண்டிருக்கும் வீட்டில் பால் பல்லின் அடைப்பை யார் நினைப்பார்கள்?

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சுக்கு முன்பே, மருந்து ஏற்றிய வாரங்களில், அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு பல் வலிக்கிறது என்று அழுதாள். அடைப்பைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று அருகிலிருந்த பல் மருத்துவமனைக்குக் கிளம்பியும் விட்டோம். புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்தான் தடுத்தார். வின்கிரிஸ்டின் மருந்து நரம்பைத் தொடுவதால் சொத்தையே இல்லாத பல்லும் வலிப்பதுபோல் தோன்றும் என்றார். அவர் சொன்னபடியே அந்த வலி தானாக அடங்கியது.

கதிர்வீச்சு முடிவதற்குள் அவளுடைய எச்சில் மாறிவிட்டது. பேசும்போது இரண்டு உதடுகளுக்கும் நடுவே நூல்போல இழுபடும். பிறகு அதுவும் குறைந்து, ஒரு பிஸ்கட் சாப்பிடுவதற்கு அரை டம்ளர் தண்ணீர் வேண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் தயிர்ச் சோற்றில் ஏதோ கல் என்று துப்பினாள். அது கல் அல்ல, வலது கீழ்க் கடைவாய்ப் பால் பல்லில் இருந்த வெள்ளைச் சிமெண்ட் அடைப்பு. மறுபடியும் அடைத்தோம். ஐந்து மாதத்தில் அதுவும் தேய்ந்து, பாதி குழியாகிவிட்டது. மருத்துவர் சரியாக அடைக்கவில்லை என்று நான் ஊரெல்லாம் குறை சொன்னேன். அந்தக் குற்றவுணர்வால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வேறொரு மருத்துவரிடம் சென்றபோது, இடது பக்கத்தில் தோன்றியிருந்த புதுச் சொத்தையை அவர் பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட்டால் அடைத்தார். அது அசையவே இல்லை. ‘வேலை என்றால் இதுதான் வேலை’ என்று நிம்மதியாக இருந்தேன். எட்டு மாதம் கழித்து, கைப்பேசி வெளிச்சத்தில் அவள் வாயைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அடைப்பு வைத்தபடியே பளபளவென்று இருக்கிறது. அதைச் சுற்றி ஈறோரம் நெடுகப் பல் பழுப்பேறி, பஞ்சுபோல் இளகியிருக்கிறது. ஆற்று மணல் அரித்துப் போனபின் கிணற்று உறை மட்டும் தனியாக நிற்குமே, அப்படி நின்றது அந்த அடைப்பு. அவளுக்கு வலியே இல்லை. நான் குறை சொன்ன வலது பக்கத்திலோ, சிமெண்ட் போன குழியின் அடியை மருத்துவர் கருவியால் தட்டியபோது கெட்டியான ஓசை கேட்டது.

விழுந்த அடைப்பின் கீழே பல் பிழைத்திருக்க, விழாத அடைப்பைச் சுற்றிப் பல் கரைந்தது எப்படி என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும். ஒவ்வோர் இரவும் பல்வரிசையில் மாட்டும் தட்டில் ஃபுளோரைடு ஜெல் ஊற்றி, வலப் பக்கமும் இடப் பக்கமும் தவறாமல் வைத்திருக்கிறேன். ஸ்ட்ராபெரி மணம் என்பதால் அவளும் அடம்பிடித்ததில்லை.

குழந்தைகள் பல் மருத்துவர், திருச்சி

மதுரைச் சகோதரிக்கு, உங்கள் வினாவில் பாதி விடை அந்த ஸ்ட்ராபெரி ஜெல்லில் இருக்கக்கூடும். புட்டியில் ‘ஆசிடுலேட்டட் ஃபாஸ்பேட் ஃபுளோரைடு’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 3.5 (7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடும்). பல்லுக்கு ஃபுளோரைடைச் சேர்க்கும் அதே ஜெல், கிளாஸ் அயனோமர் எனப்படும் வெள்ளைச் சிமெண்டின் மேற்பரப்பை அரிக்கிறது. நல்ல உமிழ்நீர் உள்ள வாயில் ஆண்டுக்கு இரண்டு முறை வைப்பது வேறு. வறண்ட வாயில் தினமும் வைப்பது வேறு. இத்தகைய பிள்ளைகளுக்கு நடுநிலைச் சோடியம் ஃபுளோரைடுதான் பொருத்தம். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் ஜெல்லை விழுங்கிவிடுவார்கள் என்பதால் அவர்களுக்கு நாங்கள் பல்லில் ஒட்டிக்கொள்ளும் 5 விழுக்காட்டுச் சோடியம் ஃபுளோரைடு வார்னிஷைப் பூசிவிடுகிறோம்.

மறு பாதிக்கு உமிழ்நீர்தான் காரணம். கதிரால் அடைப்பே நேரடியாகக் கெட்டுப்போவதாகப் பெற்றோர் எண்ணுகிறார்கள். கதிர் பட்ட பல்திசு வலுவிழப்பதாகவும் பசை பிடிப்பது குறைவதாகவும் சில ஆய்வகச் சோதனைகள் காட்டினாலும், அவற்றின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. வாயில் நாங்கள் அன்றாடம் காணும் சேதத்தில் பெரும்பங்கு, உமிழ்நீர்ச் சுரப்பிகள் அடிபடுவதால் வருவது. 7-ஐ ஒட்டியிருந்த உமிழ்நீரின் பி.எச். 5 வரைகூட இறங்குகிறது. பல் எனாமலோ 5.5 அளவிலேயே கரையத் தொடங்கிவிடும். கழுவிவிட நீர் இல்லை, அமிலத்தை ஆற்ற உப்புகள் இல்லை, சொத்தைக் கிருமிகளோ பல்கிப் பெருகுகின்றன. சாதாரணச் சொத்தை பல்லின் மேடுபள்ளங்களில் பிடிக்கும். இது ஈறோரத்தில், வழக்கமாகச் சொத்தையே வராத வழுவழுப்பான பரப்பில் பிடித்து, வலியில்லாமல் பல்லைச் சுற்றி வளைக்கும்.

காம்போசிட்டுக்கு அமிலத்தைத் தாங்கும் வலு உண்டு. ஆனால் தன் ஓரத்தில் இருக்கும் பல்லைக் காக்க அதற்குத் தெரியாது. கிளாஸ் அயனோமர் தான் கரைந்துகொண்டே ஃபுளோரைடைக் கசியவிட்டு, அண்டையிலுள்ள பல்லைக் காக்கிறது. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்ற பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின: சிமெண்ட் அடைப்புகள் அதிகம் தேய்ந்தன அல்லது விழுந்தன, ஆனால் அவற்றின் ஓரத்தில் புதுச் சொத்தை குறைவு. தினமும் ஃபுளோரைடு வைத்தவர்களிடம் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்தும் போயிற்று. ஆகவே பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் நான் பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பிள்ளை இரவில் தட்டு வைத்துக்கொள்ளுமா, மாட்டாதா? மாட்டாது என்றால் நான் சிமெண்ட் பக்கம்தான். அது விழுந்தால் மறுபடியும் அடைக்கலாம். பெற்றோர் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

கதிர்வீச்சுக்கு முன்பே குழந்தையை எங்களிடம் அனுப்பினால் பாதி சிக்கல் எழாது. விழும் பருவத்தில் ஆடும் பால் பல்லையும் வேர்வரை சொத்தை சென்ற பல்லையும் அப்போதே எடுத்துவிட்டு, புண் ஆற இரண்டு மூன்று வாரம் விடுவோம். இரத்த அணுக்களின் நிலவரம் அறியாமல் பல்லைத் தொடுவதில்லை. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை 1000-க்குக் கீழே இருந்தால் அவசரமில்லாத வேலையைத் தள்ளிவைப்போம்.

கதிர்வீச்சுப் பிரிவுத் தொழில்நுட்பர், சென்னை

உலோகத்தைப் பற்றி ஒரு சொல். அமால்கம் என்னும் வெள்ளி நிற உலோக அடைப்போ பல்லை மூடும் ஸ்டீல் கேப்போ கதிர்ப் பாதையில் இருந்தால் கதிர் அதில் பட்டுச் சிதறும். அதை ஒட்டியிருக்கும் சில மில்லிமீட்டர் கன்னத்துக்கும் நாக்கோரத்துக்கும் கூடுதல் அளவு கிடைத்து, சரியாக அந்த இடத்திலேயே வாய்ப்புண் வரும். கதிர் வைக்கும் நேரத்தில் மட்டும் மாட்டிக் கழற்றும், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமுள்ள பல் உறை செய்து போட்டால் தசை உலோகத்திலிருந்து விலகிவிடும். அதற்காக நல்ல நிலையில் உள்ள கேப்பையெல்லாம் பிடுங்க வேண்டியதில்லை. திட்டமிடும் சி.டி. படத்தில் உலோகம் கீற்றுக் கீற்றாக விழுவதால், எந்தப் பல்லில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எங்களுக்குப் பேருதவி.

சிகிச்சை பெற்றுத் தேறியவர், கோயம்புத்தூர்

எனக்கு நான்கு வயதில் இரத்தப் புற்றுநோய்க்காகத் தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது எனக்கு 26 வயது. எனக்கு உமிழ்நீர் ஓரளவு தப்பியது. ஆனால் அப்போது தாடைக்குள் உருவாகிக்கொண்டிருந்த பற்கள் தப்பவில்லை. இரண்டு முன்கடைவாய்ப் பற்கள் முளைக்கவே இல்லை, ஒன்று அரிசி மணிபோல் சிறுத்து வந்தது, மற்றவற்றின் வேர் பாதியில் நின்று கூம்பிவிட்டது. பள்ளி நாட்களில் வைத்த அடைப்புகள் ஓரம் உடைந்து உடைந்து விழுந்ததற்கு என் இனிப்புப் பழக்கமே காரணம் என்று எல்லோரும் என்னையே திட்டினார்கள். எனாமலே முழுமையாக உருவாகாத பல்லில் அடைப்பு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று பின்னாளில் ஒரு மருத்துவர்தான் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். 10 கிரே அளவே எனாமலை உருவாக்கும் செல்களை நிரந்தரமாகச் சேதப்படுத்தக்கூடும், 30 கிரே பல்லின் வளர்ச்சியையே நிறுத்திவிடக்கூடும் என்றார்.

மதுரை அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். அந்த இடது பால் பல்லை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அதன் அடியில் நிரந்தரப் பல் இருக்கிறதா, அதன் வேர் வளர்கிறதா என்று முழுத் தாடை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். எனக்கு எடுத்த இடத்தில் இன்றுவரை எதுவும் முளைக்கவில்லை.

அதே தாய், மதுரை

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் சொன்னதுபோலவே புட்டியில் அச்சிட்டிருந்தது. இவ்வளவு நாளும் ஒரு கையால் அடைப்பை வைத்து மறு கையால் அரித்திருக்கிறேன். நடுநிலை ஜெல்லுக்கு மாறிவிட்டோம். அதற்கு மணமே இல்லை என்று இப்போது தினமும் சண்டை.

எக்ஸ்ரேயில் இடது பால் பல்லின் அடியில் நிரந்தரப் பல் இருக்கிறது, ஆனால் வேர் வயதுக்கேற்ப வளரவில்லை. பால் பல்லை எடுக்க எங்கள் மருத்துவரும் தயங்கினார். அந்தத் தாடை கதிர்ப் பரப்பின் ஓரத்தில் வருவதால் புண் ஆறுவது எப்படியிருக்குமோ என்றும், மேலே இருப்பது போனால் இடம் சுருங்கிவிடும் என்றும் சொன்னார். நரம்புவரை சொத்தை போகாததால், பல் முழுவதையும் மூடி ஒரு ஸ்டீல் கேப் போட்டுவிட்டார். வலது பக்கத்தில் மறுபடியும் சிமெண்டே வைத்திருக்கிறார்; தேய்ந்தால் வாருங்கள், புதுப்பித்துத் தருகிறேன் என்றார், நானும் முகம் சுளிக்கவில்லை.

இப்போது எனக்குள்ள கவலை வேறு. அடுத்த மாதம் கட்டி இருந்த இடத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இந்த கேப் படத்தைக் கெடுக்குமா?

தொழில்நுட்பர், சென்னை

கேப்பைச் சுற்றியுள்ள பகுதி படத்தில் கருத்துச் சிதையும்; மூக்கின் பின்புறம் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. பிள்ளைக்கு அதனால் தீங்கில்லை. அந்தச் சிதைவைக் குறைக்கும் முறைகளும் உள்ளன. எடுப்பதற்கு முன்பே தெரிந்தால்தான் அவற்றைப் பயன்படுத்த முடியும் என்பதால், படிவத்திலேயே எந்தப் பல் என்று எழுதிவிடுங்கள்.

அதே தாய், மதுரை

எழுதிவிட்டேன், ஐயா: கீழ்த் தாடை, இடது, இரண்டாம் பால் கடைவாய்ப் பல், ஸ்டீல் கேப் ஒன்று.