நைட் ஷிஃப்ட் தூக்கத்துக்கு வழி சொல்லுங்கள்

அண்ணன்மாரே, அக்காமாரே, என் தம்பிக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, வாராவாரம் ஷிஃப்ட் மாறும், நைட் முடிந்து காலை வெயில் முகத்தில் அடிக்க பைக்கில் சத்துவாச்சாரி வந்து சேர்ந்தால், உடம்பு அசந்து கிடந்தும் கண் மூட மாட்டேன் என்கிறது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குள் இருக்கும் உடல் கடிகாரத்தை வெளிச்சம்தான் திருத்தி வைக்கிறது, இருட்டினால்தான் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் ஹார்மோன் சுரக்கும். அந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். சரி என்று ஜன்னலில் கறுப்புத் துணி கட்டினோம், ஆனால் வேலூர் வெயிலுக்கு ரூம் அடுப்பாகக் கொதிக்கிறது. நைட் பார்த்த நர்ஸ்கள், தோல் கம்பெனிக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்: வரும்போது கூலிங் கிளாஸ் போட்டால் பலன் உண்டா? ராத்திரிச் சாப்பாட்டை எத்தனை மணிக்கு வைத்துக்கொள்கிறீர்கள்? அப்பாவுக்குச் சுகர், அதனால் இவனுக்கும் வந்துவிடுமோ என்று ரொம்பக் கவலையாக இருக்கிறது. மாத்திரை மட்டும் சொல்ல வேண்டாம், அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறோம்.