ஒன்பதாம் வகுப்பு, 48 பேர், வாரம் ஒரு பீரியட்: வாழ்க்கைத் திறன் வகுப்பை எப்படி எடுப்பது?

சாக்பீஸ்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு வாழ்க்கைத் திறன் பீரியட் கொடுத்திருக்கிறார்கள். வாரம் 45 நிமிடம், அரையாண்டுக்குள் 8 வகுப்பு கிடைக்கும். ஆண், பெண் கலந்த வகுப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்துத் திறன்களையும் எட்டு வகுப்புக்குள் எப்படிப் பிரிப்பது? சார்ட்டில் எழுதி விளக்கினால் அப்படியே நோட்டில் இறக்கிவிட்டு மூடிவிடுகிறார்கள். நாடகம் போடச் சொன்னால் சிரித்தே பீரியட் போய்விடுகிறது. மார்க் போடலாமா என்றும் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்:
பத்தையும் எடுக்கப் பார்க்காதீர்கள் டீச்சர். அந்தப் பட்டியல் நமக்குத் திட்டம் போடத்தான். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் தேவையே இல்லை. மறுத்துப் பேசுவதற்கு 3 வகுப்பு, முடிவெடுப்பதற்கு 2, பணத்துக்கு 2. எட்டாவதை ஆண்டுவிழா ஒத்திகை தின்றுவிடும்.

நாடகத்தில் சிரிப்பு வருவதற்குக் காரணம் மேடைதான். நாலு பேர் முன்னால் நிற்க 44 பேர் வேடிக்கை பார்த்தால் எந்தப் பையனும் கோமாளித்தனம்தான் செய்வான். எல்லோரையும் ஒரே நேரத்தில் பேசவிடுங்கள். மூன்று மூன்று பேராக 16 குழு: ஒருவர் வற்புறுத்த, ஒருவர் மறுக்க, ஒருவர் கவனிக்க. 2 நிமிடம் பேச்சு, 1 நிமிடம் கவனித்தவர் சொல்வது, பிறகு ஆள் மாற்றம். மூன்று சுற்றுக்கு 9 நிமிடம். மாறும்போது வரும் கூச்சலையும் சேர்த்து 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த பெஞ்சிலேயே நடக்கும், எதையும் நகர்த்த வேண்டாம்.

சூழலை நீங்களே எழுதிக் கொடுங்கள். 'போதையை மறுத்தல்' என்று தலைப்பு மட்டும் கொடுத்தால் சினிமா வசனம் வரும். இப்படிக் கொடுத்துப் பாருங்கள்: ட்யூஷன் முடிந்து திரும்பும் வழி, தெரிந்த அண்ணன் ஒருவன் கூல் லிப்பை (உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம்) நீட்டுகிறான். "ஒண்ணே ஒண்ணு வெச்சுப் பாருடா, வீட்ல யாருக்குத் தெரியப்போகுது?"

கவனிப்பவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் டிக் போட நாலே கேள்வி. வேண்டாம் என்பது முதல் வாக்கியத்திலேயே வந்ததா? முகத்தைப் பார்த்துச் சொன்னாரா? காரணங்களை அடுக்காமல் இருந்தாரா? அங்கிருந்து நகர்ந்தாரா? மூன்றாவதில்தான் வழுக்குவார்கள். "அம்மா திட்டுவாங்க" என்றால் "அம்மாகிட்ட யாரு சொல்லப்போறா?" என்று பதில் தயாராக வரும். காரணம் சொல்லச் சொல்ல எதிராளிக்குப் பிடி கிடைக்கிறது. "எனக்கு வேணாண்ணா, நான் கிளம்புறேன்." இதையே குரல் ஏறாமல் மூன்று தரம் சொல்லப் பழக்கினால் போதும்.

கடைசிப் பத்து நிமிடம், எந்த வாக்கியம் எடுபட்டது என்று குழுக்களைக் கேட்டு அவர்கள் பேச்சிலேயே போர்டில் எழுதுங்கள். தயவுசெய்து செந்தமிழாகத் திருத்தாதீர்கள், தெருவில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

மார்க் வேண்டாம். போட்டால் உங்களுக்குப் பிடித்த பதிலை எழுதிக் கொடுப்பார்கள். முதல் வகுப்பிலும் மூன்றாவதிலும் அதே டிக்குகளை எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வட்டிக்கணக்கு:
பணத்துக்கு 'சிக்கனம்' என்று ஆரம்பித்தால் அரை வகுப்பு தூங்கிவிடும். கடனில் ஆரம்பியுங்கள். 'மூணு வட்டி' என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 3, ஆண்டுக்கு 36 சதவீதம். பெரும்பாலான பிள்ளைகள் ஆண்டுக்கு 3 என்றே எழுதுவார்கள், அந்தத் தவறிலிருந்தே பாடம் தொடங்கலாம்.

அடுத்து போன் தவணை. விலை 12,000, மாதம் 1,150 வீதம் 12 தவணை. கட்டுவது 13,800, கூடுதல் 1,800. உடனே '15 சதவீதம் சார்' என்பார்கள். ஆனால் 12,000 ஆண்டு முழுக்கக் கையில் இல்லையே. அசல் மாதம் ஆயிரம் குறைவதாக வைத்தால் முதல் மாதம் 12,000, கடைசி மாதம் 1,000, சராசரி 6,500. 1,800-ஐ அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 28 சதவீதம். தோராயக் கணக்குதான், கடைக்காரரிடம் கேள்வி கேட்க இது போதும்.

இரண்டாம் வகுப்பில் யுபிஐ. நமக்குப் பணம் வர 'பின்' நம்பர் போட வேண்டியதே இல்லை; எதிராளி 'பின்' நம்பர் போடச் சொன்னால் அது ஏமாற்று. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன்.

சாக்பீஸ்:
மிக்க நன்றி. ஆண், பெண் கலந்து குழு போடலாமா? முடிவெடுக்கும் வகுப்புக்கு என்ன கொடுப்பது?

கடைசிபெஞ்ச்:
முதல் இரண்டு வகுப்பு தனித்தனியாகவே இருக்கட்டும். கேலி அடங்கிய பிறகு கலக்கலாம்.

முடிவெடுக்க, பத்தாம் வகுப்புக்குப் பின் என்ன என்பதையே கொடுங்கள். பிளஸ் டூ முடித்து பி.இ. போனால் 2 + 4. பாலிடெக்னிக் 3 ஆண்டு, பிறகு நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் இன்னும் 3. இரண்டும் ஆறுதான், ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவில் வேலைக்குப் போக வேண்டிவந்தால் கையில் டிப்ளமோ இருக்கும். இன்னொரு பக்கம், டிப்ளமோ முடித்தபின் மனம் மாறினால் மருத்துவம் போன்ற கதவுகள் திறப்பது கடினம். ஒவ்வொரு குழுவும் தான் எடுக்காத வழிக்காக வாதாடட்டும். அப்போதுதான் யோசிப்பார்கள்.

பெட்டி:
ஒன்று விட்டுப்போயிற்று. இந்த வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்ததைச் சொல்லும், அதற்கு முன்பே தயாராக இருங்கள். முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: சொந்தக் கதை வேண்டாம், 'ஒரு பொண்ணு', 'ஒரு பையன்' என்றே பேசுவோம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டப்படி கட்டாயம், மறைத்தால் அதுவே குற்றம். பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காமல், சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417-ஐயும் போர்டின் ஓரத்தில் நிரந்தரமாக எழுதி வையுங்கள்.

கேள்விப் பெட்டி வைப்பதானால் 48 பேரும் சீட்டுப் போட வேண்டும், கேள்வி இல்லாதவர் 'ஒன்றுமில்லை' என்று எழுதிப் போடட்டும். இல்லையென்றால் எழுதுகிற நாலு பேரை வகுப்பே திரும்பிப் பார்க்கும். சீட்டை அங்கேயே பிரிக்காமல் வீட்டில் படித்துவிட்டு அடுத்த வாரம் பதில் சொல்லுங்கள். கையெழுத்தைக் கண்டுபிடிக்க முன்பெஞ்சில் ஆள் இருக்கும்.