புதுப்பிப்பு: செல்லப்பிராணி உணவைச் சுவை பார்க்கும் வேலை, நாக்கில் ஒட்டும் கொழுப்புக்கு வழி கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நாய், பூனை உணவைச் சுவைத்துத் துப்பும் வேலையில் சில மாதிரிகளுக்குப் பிறகு நாக்கில் கொழுப்புப் படிந்து எல்லாமே ஒரே மாதிரி தெரிகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

காபிக்கொட்டையை முகர்ந்தது மூக்குக்கு உதவியது, நாக்குக்கு இல்லை. எலுமிச்சைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அடுத்த மாதிரியும் புளிக்கிறது. பலன் தந்தது, உப்பில்லாத பிஸ்கட்டை மென்றுவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னவரின் யோசனைதான்; குளிர்ந்த தண்ணீரில் கொழுப்பு இறுகி அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும், சூட்டில் இளகி வந்துவிடுகிறது. அப்புறம் மீன், ஈரல் வகைகளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

இப்போது உலர் உணவின் மேல் பூசிய கொழுப்பில் லேசான சிக்கு வாடை இருந்தாலும் சட்டென்று பிடிபடுகிறது.

எதிர்பாராத விஷயம், வாய் தெளிந்த பிறகும் பூனைகளும் நானும் ஒத்துப்போகவில்லை. இரண்டு கிண்ணம் வைத்துப் பார்க்கும் சோதனையில் நான் கசப்பு என்று எழுதியதைத்தான் அவை முதலில் தின்றன. பூனைக்கு இனிப்பே தெரியாது (அதை உணரும் மரபணு அவற்றில் செயல்படுவதில்லை), அதனால் பூனை உணவுக்கான படிவத்தில் இனிப்புக்கான கட்டத்தையே எடுத்துவிட்டோம்.