அமெரிக்க மருந்துக்கடையில் பிராண்டுப் பெயருக்குக் கூடுதல் காசு தேவையா?

நிலவன்: முட்டை விலை ஏறினால் கொதிக்கிற அமெரிக்கர்கள், தலைவலி மாத்திரை வாங்கும்போது மட்டும் டைலனால் என்ற பெயரைப் பார்த்துக் கேட்ட காசைக் கொடுக்கிறார்கள். அதே தட்டில் கடையின் சொந்த பிராண்டும் இருக்கிறது. அதே அசெட்டமினோஃபென் (நம்மூர் பாராசிட்டமால்), அதே 500 மி.கி., விலை மட்டும் குறைவு. எக்ஸிட்ரின் என்ற தலைவலி மாத்திரையில் இன்னும் மோசம். எக்ஸ்ட்ரா ஸ்ட்ரெங்த், மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) என்று இரண்டு பெட்டி. பின்பக்கம் திருப்பினால் இரண்டிலும் அசெட்டமினோஃபென் 250, ஆஸ்பிரின் 250, கஃபீன் 65 மி.கி.தான்.

கயல்: மருந்து ஒன்றுதான், சாப்பிடும் அளவு ஒன்றல்ல. மைக்ரேன் பெட்டியில் 24 மணி நேரத்துக்கு 2 மாத்திரைதான். மற்றதில் 8 வரை போகலாம். "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லிக்கொடுத்தால் ஆபத்தில் முடியும். எட்டு மணி நேரம் வேலை செய்யும் 650 மி.கி. அசெட்டமினோஃபென் மாத்திரைக்குப் பதில் சாதா 500-ஐ எடுத்து வருகிறவர்களும் உண்டு. முன்னது மெல்லக் கரைவது.

நிலவன்: அது லேபிளைப் படிக்கச் சொல்லும் வாதம், பிராண்டு வாங்கச் சொல்லும் வாதம் அல்ல. பிராண்டை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு சூடாஃபெட் பி.ஈ. என்ற மூக்கடைப்பு மாத்திரை போதும். அதிலுள்ள ஃபினைலெஃப்ரின், மாத்திரையாக விழுங்கினால் மூக்கடைப்பைத் தீர்க்காது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 2023-இல் ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் அதை நீக்க எஃப்.டி.ஏ.வே முன்மொழிந்தது. வேலை செய்கிற சூடோஎஃபெட்ரின் 2006 முதல் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறது. அடையாள அட்டை காட்டிக் கேட்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, பலன் இல்லாததைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

மருதம்: மருத்துவர் சீட்டு மருந்துக்கும் ஒரு வழி இருக்கிறது. "இன்ஷூரன்ஸ் இல்லாமல் என்ன விலை?" என்று கேளுங்கள். பல ஜெனரிக் மருந்துகள் (பிராண்டுப் பெயர் இல்லாமல் வரும் அதே மருந்துகள்) கோபேயைவிட, அதாவது இன்ஷூரன்ஸ் இருந்தும் நாம் கட்டும் பங்கைவிட, மலிவாகக் கிடைக்கும். இதைப் பார்மசிஸ்ட் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் போடுவதை 2018 சட்டம் தடுத்துவிட்டது.

கயல்: அப்படிக் கையிலிருந்து கொடுக்கும் காசு பெரும்பாலும் டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் வருடத்தில் நாமே செலவழிக்க வேண்டிய தொகை) கணக்கில் ஏறாது. வருடம் முழுக்க மருந்து, ஸ்கேன் என்று அலைகிற நீரிழிவுக்காரருக்கு அது நஷ்டம். ஜெனரிக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மனச்சோர்வுக்கான புப்ரோப்பியான் எக்ஸ்.எல். 300 மி.கி. ஜெனரிக் ஒன்றை, 150 மி.கி. சோதனையை வைத்தே அனுமதித்தார்கள். 300-ஐ நேரடியாகச் சோதித்தபோது மூல மருந்துக்கு ஈடாகவில்லை. 2012-இல் திரும்பப் பெற்றார்கள். தைராய்டுக்கான லெவோதைராக்சினில் சிறு வித்தியாசமும் ரத்தத்தில் பார்க்கும் தைராய்டு அளவான டி.எஸ்.எச்.-ஐ நகர்த்திவிடும். கம்பெனி மாறினால் 6 முதல் 8 வாரத்தில் ரத்தம் சோதிக்க வேண்டும்.

நிலவன்: தைராய்டு விஷயம் நியாயம்தான். ஆனால் அங்கே தேவை ஒரே கம்பெனி மாத்திரையில் தொடர்வது. அது ஜெனரிக்காகவே இருக்கலாம். பாட்டில் லேபிளில் தயாரிப்பாளர் பெயர் இருக்கும். அடுத்தமுறை வாங்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள், மாறியிருந்தால் கவுண்டரிலேயே சொல்லுங்கள். வெளியே கொண்டுபோன மாத்திரையைக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்ப எடுக்கமாட்டார்.