எவர்ட்டன் புது மைதானத்தைப் பெரிதாக்க இடம் இருக்கிறதா?

மக்களே, கட்டடத் துறையில் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் எவர்ட்டன் கால்பந்து அணிக்காக 2025-இல் திறந்த ஹில் டிக்கின்சன் மைதானத்தில் சுமார் 53 ஆயிரம் பேருக்கு இடம். பின்னாளில் இன்னும் பத்தாயிரம் கூட்ட முடியுமா என்று நண்பர்களுக்குள் ஒரே சண்டை. வரைபடத்தில் மேற்கே மெர்சி ஆறு, வடக்கே கழிவுநீர் நிலையம், தெற்கே நெல்சன் கப்பல்துறை, கிழக்கே ரசிகர்கள் கூடும் திறந்தவெளியைத் தாண்டினால் கைவைக்கக்கூடாத பழைய கல்மதில், ஆக வெளியே நகர வழியே காணோம் (அணியின் பழைய மைதானமான கூடிசன் பார்க்கில் மூலையில் இருந்த தேவாலயம் தடையாக நின்றது, அதே கதை!). சரி, 13 ஆயிரம் பேர் கொள்ளும் தெற்கு ஸ்டாண்டில் நிற்கும் இடங்களைக் கூட்டலாம் என்றால், இங்கிலாந்தில் ஓர் இருக்கைக்கு ஒருவர்தான் நிற்கலாம். ஜெர்மனி போல அந்த விதி தளர்ந்தால் படிக்கட்டும் வெளியேறும் வாசலும் கழிவறையும் தாங்குமா? கூரையைத் தூக்கி மேலடுக்கு போடுவது நடக்கிற காரியமா? திட்ட வரைபடம் ஏதாவது கையில் இருந்தால் போடுங்கள்.